தடம் மறைந்த மலைவழி: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கொடைக்கானல் இருக்கும் பழனி மலைத்தொடரின் பழைய குதிரைப் பாதைகளைப் பற்றிச் சென்ற இதழில் வந்த குறிப்பைப் படித்துவிட்டு, பராமரிப்பு நின்றுபோன மலைப்பாதைகளில் வழி அறிந்து நடப்பது குறித்து வாசகர்கள் பல கேள்விகளை அனுப்பியிருக்கிறார்கள். ஒரே பொருளைத் தொட்டவற்றை ஒன்றாகச் சேர்த்து இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: என் தாத்தா காலத்தில் கும்பக்கரையிலிருந்து வெள்ளகெவி வழியாகக் கொடைக்கானலுக்கு நடந்தே போவார்களாம். இப்போது அந்தச் சரிவில் பல இடங்களில் புதர் மூடிவிட்டது என்கிறார்கள். இப்படிப்பட்ட பாதையில் வழி கண்டுபிடிப்பது எப்படி? (பெரியகுளத்திலிருந்து ஒரு வாசகர்)

பதில்: பாதை எங்கே இருக்கிறது என்று தேடத் தொடங்குவதற்கு முன், அதை யார், எதற்காகப் போட்டார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். அந்த விடை கையில் இருந்தால், கண்ணுக்குத் தெரியாத இடத்திலும் பாதை எந்தப் பக்கம் போயிருக்கும் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

உங்கள் தாத்தா நடந்த சரிவையே எடுத்துக்கொள்வோம். 1821இல் பழனி மலையை அளக்க வந்த லெப்டினன்ட் வார்டு, வெள்ளகெவியில் தங்கித்தான் மேலே ஏறினார். 1845இல் மதுரையிலிருந்த அமெரிக்க மிஷனரிகள் கொடைக்கானலில் தங்கள் முதல் வீடுகளைக் கட்டினார்கள். அதற்குப் பின், முதல் உலகப்போர்க் காலத்தில் மலைச்சாலை வரும்வரை, ஏறத்தாழ 70 ஆண்டுகளுக்குத் துரைமார்களும் அவர்களுடைய மேசை நாற்காலிகளும் பெரியகுளத்துப் பக்கத்துக் குதிரைப் பாதை வழியாகவே மேலே போயின. குதிரையும், டோலி தூக்குகிறவர்களும், தலைச்சுமைக்காரர்களும் ஏற வேண்டிய பாதை ஒருபோதும் நெட்டுக்குத்தாகப் போகாது. சரிவைக் குறுக்காக வெட்டி, கீழ்ப்பக்கத்தில் கல் அடுக்கி, ஒரே சீரான ஏற்றத்தில் போய், ஒரு விளிம்பில் திரும்பி, மறுபடியும் அதே சீரில் எதிர்த்திசையில் ஏறும். ஆகவே நீங்கள் நடந்துகொண்டிருக்கும் தடம் திடீரென்று கையூன்றி ஏற வேண்டிய அளவுக்குச் செங்குத்தானால், நீங்கள் குதிரைப் பாதையை விட்டு வெகுநேரம் ஆகவில்லை என்று பொருள். உடனே திரும்பினால் கிடைத்துவிடும்.

இத்தகைய பாதைகளில் வழி தவறுவது பெரும்பாலும் வளைவுகளில்தான். அவசரக்காரர்கள் இரண்டு வளைவுகளுக்கு இடையே நேராக இறங்கிக் குறுக்குவழி போடுவார்கள்; அடுத்த மழையின் தண்ணீர் அந்தக் குறுக்குவழியில் ஓடி அதை ஓர் ஓடையாகவே அரித்துவிடும். சில ஆண்டுகளில் குறுக்குவழி பளிச்சென்று தெரியும், உண்மையான வளைவோ ஆள் நடமாட்டம் இன்றி மூடிப்போகும். இன்னொரு வகையும் உண்டு: பாதை திரும்பிய இடத்தில் அதை அறியாமல் நேராகவே நடந்துகொண்டிருப்பது. சரிவின் விளிம்பு ஒன்று நெருங்கும்போதெல்லாம் நின்று, தோளுக்கு மேலே பின்பக்கமாகத் திரும்பிப் பாருங்கள். கல் அடுக்கு ஒன்று உங்கள் தலைக்கு மேலே எதிர்த்திசையில் போவது தெரிந்தால் அதுதான் பாதை.

ஓடைகளைக் கடக்கும் இடங்களிலும் இதே கவனம் தேவை. வெள்ளம் கரையை அறுத்துக்கொண்டு போயிருக்கும். எதிர்க்கரையில் பாதை நேரெதிரே தொடங்காமல் பத்திருபது அடி மேலேயோ கீழேயோ தொடங்கும். தண்ணீரைத் தாண்டுவதற்கு முன் இக்கரையில் நின்றபடியே எதிர்க்கரையை நிதானமாகப் பார்த்து, வெட்டிய சமதளம் எங்கே தெரிகிறது என்று குறித்துக்கொண்டு கால் வையுங்கள். மண் சரிந்த இடங்களிலும் அவ்வாறே. சரிவின் மறுபுறத்தில், நீங்கள் நிற்கும் உயரத்திலேயே, பாதையின் வெட்டு மறுபடியும் தொடங்கும்.

மற்ற பாதைகளுக்கும் இந்த ‘எதற்காக’ என்ற கேள்வி பொருந்தும். மரம் வெட்டி ஏற்றுவதற்குப் போட்ட கூப்பு ரோடு லாரி போகும் அகலத்தில் நம்பிக்கையூட்டிக்கொண்டே போய், வெட்டு முடிந்த இடத்தில் காட்டுக்குள் நின்றுவிடும். மாடு மேய்த்தவர்களின் தடம் பட்டி போட்ட இடத்தோடு முடியும். மின்கம்பிப் பாதை கம்பத்தைத் தேடிப் போகுமே தவிர ஊரைத் தேடிப் போகாது. மலைமேல் கோயிலுக்குப் போகும் வழி எத்தனை மறைந்திருந்தாலும் இடையில் ஒரு சுனையைத் தொட்டுக்கொண்டுதான் போகும்.

ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. அந்த மலையில் பெரும்பரப்பு 2013இல் அறிவிக்கப்பட்ட கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயத்துக்குள் இருக்கிறது. தாத்தா நடந்த பாதை என்பது அனுமதி ஆகாது. காப்புக்காட்டுக்குள்ளும் சரணாலயத்துக்குள்ளும் வனத்துறையின் எழுத்துவழி அனுமதி இன்றி நுழைவது குற்றம். 2018இல் மலையேற்றத்துக்கென்றே தனி விதிகளைத் தமிழக அரசு வகுத்தது. 2024 அக்டோபரில் 40 வழித்தடங்களை வழிகாட்டிகளோடு அதிகாரபூர்வமாகத் திறந்தது. கீழே நான் எழுதுவதெல்லாம் அனுமதியோடும் உள்ளூர் ஆளோடும் போகிறவர்களுக்காகவே.

கேள்வி: மனிதர் நடந்த தடத்தையும் விலங்கு நடந்த தடத்தையும் எப்படிப் பிரித்தறிவது? இரண்டும் ஒன்றுபோலவே தெரிகின்றன. (திண்டுக்கல்லிலிருந்து ஒரு வாசகி)

பதில்: ஒன்றுபோல் தெரிவதற்குக் காரணம், பல இடங்களில் அவை ஒன்றேதான். விலங்கின் தடத்தில் மனிதன் நடக்கிறான், மனிதன் விட்ட பாதையை விலங்கு எடுத்துக்கொள்கிறது. ஆனாலும் சில சோதனைகள் உண்டு.

முதலில் தலையுயரத்தைப் பாருங்கள். கேளையாடு என்னும் சிறு மானும் காட்டுப்பன்றியும் போட்ட தடத்தில் கீழே வழி சுத்தமாக இருக்கும். இடுப்புக்கு மேலே கிளைகளும் கொடிகளும் குறுக்கே நிற்கும். குனிந்து குனிந்து நடக்க வேண்டியிருந்தால் அது உங்களுக்காகப் போட்ட வழி அன்று. காட்டுமாட்டின் தடத்தில் இந்தச் சோதனை பலிக்காது, ஏனென்றால் வளர்ந்த காளை ஏறத்தாழ மனித உயரமே நிற்கும். அதற்கு வேறு சோதனை வைத்துக்கொள்ள வேண்டும்: வெட்டு. மனிதன் அரிவாளால் ஒதுக்கிய குச்சியின் முனை சாய்வாக, வழவழப்பாக இருக்கும். விலங்கு முறித்த குச்சியின் முனை நார்நாராகப் பிய்ந்திருக்கும். வெட்டுமுனை வெளிறி ஈரமாக இருந்தால் அண்மையில் ஆள் போயிருக்கிறார், கறுத்துக் காய்ந்திருந்தால் சில பருவங்கள் கடந்துவிட்டன என்று கொள்ளலாம். தேனெடுக்கவும் கடுக்காய் பொறுக்கவும் போகிறவர்கள் அரிவாளைச் சும்மா தூக்கிக்கொண்டு போவதில்லை. நடக்கும்போதே இரண்டு பக்கமும் ஒரு தட்டுத் தட்டிக்கொண்டு போவார்கள். அந்தத் தட்டுகள்தாம் நமக்கு வழிகாட்டிப் பலகைகள்.

அடுத்தது காலும் கோலும் சொல்லும் சேதி. நூறாண்டு மிதிபட்ட மண் சருகுக்கு அடியிலும் இறுகியே இருக்கும். கைத்தடியை ஊன்றினால் பாதையில் ‘தட்’டென்று நிற்கும், ஓரத்தில் இரண்டு விரல்கடை உள்ளே இறங்கும். உண்ணிச்செடி மண்டிக் கிடக்கும் இடத்தில் நின்றுகொண்டு பார்த்தால் பச்சைச் சுவரைத் தவிர ஒன்றும் தெரியாது. அதே இடத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பாருங்கள், செடியின் தழைக்குக் கீழே ஒரு சுரங்கம்போல் பாதையின் பள்ளம் நீண்டு போவது தெரியும். காலை எட்டு மணிக்கு முன் வெயில் சாய்வாக விழும்போது இந்தப் பள்ளம் நிழல் கட்டித் தெளிவாகத் தெரியும். உச்சி வெயிலில் எல்லாம் ஒரே தட்டையாகிவிடும்.

யானைத்தடம் தனி வகை. யானை வீணாக ஏறி இறங்காது, அதன் தடம் அகலமும் சீரான ஏற்றமும் கொண்டது. மனிதர் போட்ட பாதையைவிட நன்றாக இருப்பதுதான் அதன் ஆபத்து. தரையில் கிடக்கும் சாணம் பச்சையாக, ஈ மொய்த்துக்கொண்டு, தொடாமலே சூடு தெரிகிற அளவில் இருந்தால் வழி சரியா தவறா என்ற ஆராய்ச்சியை நிறுத்திவிட்டு வந்த வழியே ஓசையின்றித் திரும்ப வேண்டும்.

என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் பழனி மலையின் தென்சரிவில் நாங்கள் மூவர் மேலிருந்து இறங்கிக்கொண்டிருந்தோம். எங்களோடு வந்த பளியர் இனத்துப் பெரியவர் மூலிகை ஒன்றைப் பார்த்துப் பின்தங்கினார். ‘அண்ணே, நாங்க முன்னால போய்க்கிட்டிருக்கோம்’ என்று சொல்லிவிட்டு நடந்தோம். தடம் அகலமாக இருந்தது, தரை நன்றாக உழுதுபோட்டதுபோல் மிதிபட்டிருந்தது. நாற்பது நிமிடம் கழித்து அது ஒரு சேற்றுக் குழியில் முடிந்தது. குழியைச் சுற்றிலும் குளம்படிகள். காட்டுமாடுகள் வந்துபோகும் இடம். திரும்பி மேலே வந்தபோது பெரியவர் ஒரு வளைவில் பீடி பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சாய்ந்து கிடந்த மரம் ஒன்றுக்குப் பின்னால், அவருக்கு நான்கு எட்டுத் தொலைவில், கல் அடுக்கோடு பாதை கீழே போய்க்கொண்டிருந்தது. அன்றிரவு பேசிக்கொண்டிருந்தபோதுதான் தெரிந்தது, நடக்கத் தொடங்கிய பத்தாவது நிமிடத்திலேயே மூவருக்கும் சந்தேகம் வந்திருக்கிறது. மற்ற இருவரும் தெரிந்துதான் நடக்கிறார்கள் என்று எண்ணி ஒருவரும் வாய் திறக்கவில்லை. அன்றிலிருந்து எங்கள் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. யாருக்குச் சந்தேகம் வந்தாலும் ‘நில்லுங்கள்’ என்று சொல்ல வேண்டும். சொன்னவரிடம் காரணம் கேட்கக் கூடாது. உறுதியாகத் தெரிந்த கடைசி இடம் எது என்பதில் எல்லோரும் ஒத்துப்போகும் வரை யாரும் முன்னால் அடி வைக்கக் கூடாது.

கேள்வி: கைப்பேசியில் வரைபடமும் ஜிபிஎஸ்ஸும் இருக்கும்போது இத்தனை பாடு எதற்கு? (சென்னையிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: கைப்பேசி நல்ல கருவிதான், வேண்டாம் என்று சொல்லவில்லை. கோபுரச் சமிக்ஞை இல்லாத இடத்திலும் ஜிபிஎஸ் வேலை செய்யும். வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்திருந்தால் போதும். சமிக்ஞையைத் தேடித்தேடியே பேட்டரி தீர்ந்துபோகும் என்பதால் மலையில் ஏரோபிளேன் மோடில் வைத்துக்கொள்ளுங்கள். திறந்த வெளியில் 5 மீட்டர் அளவுக்குள் இருப்பிடத்தைக் காட்டும் கருவி, அடர்ந்த சோலைக்குள்ளும் பாறைச் சுவர்களுக்கு இடையிலும் அதைவிடப் பலமடங்கு தடுமாறும். வளைந்து வளைந்து ஏறும் பாதையில் ஒரு வளைவுக்கும் அடுத்ததற்கும் இடையே 20 மீட்டர்கூட இருக்காது. திரையில் கோட்டின்மேல் நிற்பதாகக் காட்டும்போதே நீங்கள் ஒரு வளைவு தவறிப் போயிருக்கலாம்.

இன்னொன்று, திரையில் தெரியும் அந்தக் கோடு எங்கிருந்து வந்தது என்று யோசித்திருக்கிறீர்களா? எப்போதோ நடந்த ஒருவர் தம் கைப்பேசியில் பதிவு செய்து ஏற்றியது அது. அவர் வழி தவறி அலைந்திருந்தால் அந்த அலைச்சலும் பாதையாகவே வரையப்பட்டிருக்கும். அவர் நடந்தபின் எத்தனை மழைக்காலம் போனது என்பதையும் கோடு சொல்லாது.

எனவே இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 அளவுத் தாளை அச்சடித்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அத்துறையின் இணையதளத்தில் பதிவு செய்துகொண்டு இறக்கிக்கொள்ளலாம். அதில் 2 சென்டிமீட்டர் என்பது தரையில் 1 கிலோமீட்டர். அடிப்பாதைகள் சிவப்புத் துண்டுக் கோடுகளாக இருக்கும். பல தாள்களின் கள அளவை பல பத்தாண்டுகளுக்கு முந்தையது என்று குறை சொல்வார்கள். கைவிடப்பட்ட பாதையைத் தேடுகிறவருக்கு அதுவே வரம், ஏனென்றால் பாதை உயிரோடு இருந்த காலத்தில் வரைந்தது. சென்னைப் பரங்கிமலைக்கு அருகே 1802இல் நில அளவையாளர் லாம்டன் தம் அளவைக்கு அடிப்படையாக அளந்த அடிக்கோட்டிலிருந்து தொடங்கிய வேலையின் வாரிசு இந்தத் தாள் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

தாளில் பாதையைவிட முக்கியமானவை ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் சமவுயரக் கோடுகள். அவை நெருங்கிக் கிடந்தால் செங்குத்து, விலகிக் கிடந்தால் சமம். சரிவைக் குறுக்காக வெட்டிப் போகும் பாதையில் உங்கள் இருப்பிடத்தை அறிய மிக எளிய வழி உயரமானிதான். எந்தச் சரிவில் நிற்கிறீர்கள் என்று தெரியும், உயரம் 1,340 மீட்டர் என்று கருவி காட்டுகிறது என்றால், பாதைக்கோடு அந்தச் சமவுயரக் கோட்டைத் தொடும் இடம் தாளில் பெரும்பாலும் ஒன்றுதான் இருக்கும். கருவி பத்திருபது மீட்டர் பிசகினாலும் இந்தக் கணக்குக்குப் போதும். திசைகாட்டியைப் பொறுத்தவரை நமக்கு ஒரு வசதி. காந்த வடக்கும் உண்மை வடக்கும் தமிழ்நாட்டில் 2 பாகை அளவுதான் விலகுகின்றன. மலைநடைக்கு அதைக் கணக்கில் எடுக்காமலே விட்டுவிடலாம்.

வெளிநாட்டிலிருந்து வரும் உறவினரிடம் செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் கையடக்கக் கருவி வாங்கிவரச் சொல்லலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். கூடாது. தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி இன்றி அவற்றை இந்தியாவில் வைத்திருப்பது சட்டப்படி குற்றம்; மலையேற வந்த வெளிநாட்டார் பலர் விமான நிலையத்திலேயே பிடிபட்டிருக்கிறார்கள்.

கேள்வி: வழி தவறினால் ஓடையைப் பிடித்துக் கீழே இறங்கினால் ஊர் வந்துவிடும் என்று சொல்கிறார்களே? (மதுரையிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்)

பதில்: தம்பி, இந்த ஒரு அறிவுரையை மட்டும் தயவுசெய்து மறந்துவிடுங்கள். சமவெளிக்குப் பொருந்துவது மேற்குத் தொடர்ச்சி மலைக்குப் பொருந்தாது. இந்த மலை தமிழ்நாட்டுப் பக்கம் பல இடங்களில் சுவர்போல் இறங்குகிறது. அந்தச் சுவரில் ஓடை இறங்கும் விதம்தான் அருவி. கொடைக்கானல் சாலையில் டம்டம் பாறையில் பேருந்து நிற்கும்போது எதிரே வெள்ளைக் கோடாகத் தெரியுமே தலையாற்று அருவி, எலிவால் அருவி என்றும் சொல்வார்கள், அதன் உயரம் 297 மீட்டர். அதற்கு மேலே அதுவும் நீங்கள் பிடித்து இறங்க நினைக்கும் ஒரு சாதாரண ஓடைதான். முதலில் இடுப்பளவு பாறை ஒன்றில் குதித்து இறங்குவீர்கள், அடுத்து ஆளுயரப் பாறையில் சறுக்கி இறங்குவீர்கள். மூன்றாவது இடத்தில் கீழே இறங்கவும் முடியாது, சறுக்கிய பாறையில் திரும்ப ஏறவும் முடியாது. தண்ணீர் இரைச்சலில் நீங்கள் கூப்பிடுவதும் யாருக்கும் கேட்காது.

இறங்கியே ஆக வேண்டிய நிலை வந்தால் தொடர்குன்றின் முதுகைப் பிடியுங்கள். அங்கே பார்வை எட்டும், கைப்பேசிச் சமிக்ஞையும் சில நேரம் எட்டும். அதற்கும் முன்னால் செய்ய வேண்டியது, வந்த வழியே திரும்பி உறுதியாகத் தெரிந்த கடைசி இடத்துக்குப் போவது. ஏறிய களைப்பில் திரும்ப மனம் வராது என்பது எனக்கும் தெரியும்.

கேள்வி: திரும்பி வர வசதியாக மரங்களில் ரிப்பன் கட்டலாமா? பாறையில் சுண்ணாம்பு அடையாளம் போடலாமா? (ஈரோட்டிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: பத்துப்பாட்டில் ஒன்றாகிய மலைபடுகடாம், செங்கம் பக்கத்து நன்னனிடம் பரிசில் பெறப் போகும் கூத்தருக்கு வழி சொல்லும்போது, பாதை பிரியும் இடத்தைத் துடைத்துச் சீராக்கி, பின்னால் வருகிறவர்களுக்கு அடையாளமாகப் புல்லை முடிந்து வையுங்கள் என்கிறது. ஈராயிரம் ஆண்டுப் பழைய இந்த யோசனையைவிடச் சிறந்ததை நான் இதுவரை பார்க்கவில்லை. புல் முடிச்சு சில நாள் நிற்கும், பிறகு தானே அவிழ்ந்து மறைந்துவிடும். சங்கத் தமிழில் பாதை பிரியும் இடத்துக்குக் ‘கவலை’ என்றே ஒரு பெயர் உண்டு. அங்கே நின்று பார்த்தவர்களுக்கு இந்தச் சொல்லின் பொருத்தம் புரியும்.

ரிப்பன் கட்டினால் திரும்பும்போது ஒவ்வொன்றாக அவிழ்த்து எடுத்துவர வேண்டும். விட்டுவந்த ரிப்பன் அடுத்து வருகிறவரை ஏமாற்றும், காட்டுமாடு தின்றால் அதன் வயிற்றுக்கும் கேடு. பாறையில் வண்ணமோ சுண்ணாம்போ வேண்டாம். பாதை பிரியும் கவர்வழியில் வேண்டாத வழியின் குறுக்கே ஒரு பச்சைக் கொம்பை ஒடித்துப் போடுவது எங்களோடு வரும் பளியர் பெரியவரின் வழக்கம். ஒரு பச்சைக் கொம்பு கிடப்பதைப் பார்த்தால் மிதித்துத் தாண்டாமல் ஒரு நிமிடம் நின்று யோசியுங்கள்.

அடையாளம் போடுவதைவிடப் பயன்படுவது, ஒவ்வொரு கவர்வழியையும் தாண்டிய பின் திரும்பி நின்று பார்ப்பது. இறங்கும்போது காணப்போகும் காட்சி ஏறும்போது கண்ட காட்சி அன்று. கைப்பேசியில் அந்தப் பின்காட்சியை ஒரு படம் எடுத்துக்கொண்டால் மாலையில் உதவும்.

கேள்வி: இவ்வகைப் பாதையில் எத்தனை மணி நேரம் ஆகும் என்று எப்படிக் கணக்கிடுவது? (கோயம்புத்தூரிலிருந்து ஒரு வாசகி)

பதில்: ஸ்காட்லாந்து மலையேறியான நேய்ஸ்மித் 1892இல் சொன்ன கணக்கு இன்றும் புழக்கத்தில் இருக்கிறது: 5 கிலோமீட்டர் நடைக்கு 1 மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு 1 மணி நேரம். 12 கிலோமீட்டர் தொலைவும் 1,500 மீட்டர் ஏற்றமும் கொண்ட வழி என்றால் ஏறத்தாழ 5 மணி நேரம். இது நல்ல பாதையில், ஓய்வின்றி, திடகாத்திரமானவர் நடப்பதற்கு. புதர் மூடிய பாதைக்கு நான் அதை அப்படியே இரட்டிப்பாக்கிக்கொள்வேன். முள்ளை விலக்குவதைவிட, நின்று வழி பார்ப்பதில்தான் நேரம் போகிறது.

டிசம்பரில் நம் மலைகளில் காலை ஆறரைக்கு விடிந்து மாலை ஆறு மணிக்குப் பொழுது சாய்கிறது. பள்ளத்தாக்கின் சோலைக்குள் ஐந்தரைக்கே இருட்டிவிடும். 10 மணி நேர வழியைக் காலை எட்டு மணிக்குத் தொடங்கினால் என்ன ஆகும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். திரும்பும் நேரத்தை வீட்டிலேயே முடிவு செய்து, தாளில் எழுதி, வரைபடத்தோடு வையுங்கள். நண்பகல் 12 மணி என்று எழுதியிருந்தால், உச்சி கண்ணுக்கு எதிரே நின்றாலும் 12 மணிக்குத் திரும்ப வேண்டும். மலைமேல் நின்று எடுக்கும் முடிவில் ஆசை கலந்துவிடும்.

பருவத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வடகிழக்குப் பருவமழையில் ஓடைகள் ஒரு மணி நேரத்தில் கடக்க முடியாதவையாகும். கோடையில் புல் காய்ந்து பாதை நன்றாகத் தெரியும், ஆனால் அதே புல்தான் தீப்பிடிக்கும். 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலைச்சரிவில் மூண்ட காட்டுத்தீயில் மலையேறச் சென்ற 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். தெரியாத சரிவில், காய்ந்த புல்லுக்கு நடுவே, எந்தப் பக்கம் வழி என்று தேடிக்கொண்டிருக்க அங்கே நேரம் இருக்காது. தீப்பருவத்தில் வனத்துறை பாதைகளை மூடுவதைக் கெடுபிடி என்று முணுமுணுக்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

கேள்வி: சோலைக்குள் ஒழுங்காக வந்துவிட்டு, மேலே புல்வெளியிலும் பைன் தோப்பிலும் வழியைத் தொலைத்துவிட்டோம். ஏன் இப்படி? (திருச்சியிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: சோலைக்குள் நடக்க ஓர் இடம்தான் உண்டு, அதனால் எல்லோரும் அங்கேயே நடக்கிறார்கள். புல்வெளியில் எங்கும் நடக்கலாம். ஆகவே தடம் பத்தாகப் பிரிந்து கரைந்துவிடும். பைன் தோப்பு இன்னும் மோசம். வரிசையாக நட்ட மரங்களின் ஒவ்வோர் இடைவெளியும் பாதைபோலவே தோன்றும், உதிர்ந்த ஊசியிலை மெத்தை உண்மைத் தடத்தை மூடிவிடும். இங்கே தரையைப் பார்த்துப் பயனில்லை. புல்வெளி மறுபடியும் சோலையைத் தொடும் விளிம்பில் பாதை எங்கே உள்ளே நுழைகிறது என்று தொலைவிலிருந்தே தேடுங்கள். மரச்சுவரில் ஒரு கறுத்த வாசல்போலத் தெரியும்.

மூடுபனி இறங்கிவிட்டால் அந்த வாசலும் தெரியாது. அப்போது திசைகாட்டியை வைத்து நேராக வாசலைக் குறிபார்க்காமல், வேண்டுமென்றே அதன் இடப்பக்கமாகச் சற்று விலகி நடங்கள். சோலையின் விளிம்பைத் தொட்டதும் வலப்பக்கம் திரும்பி விளிம்பை ஒட்டி நடந்தால் வாசல் வந்தே தீரும். நேராகக் குறிபார்த்துத் தவறினால், வாசல் வலப்பக்கம் இருக்கிறதா இடப்பக்கம் இருக்கிறதா என்று தெரியாமல் நிற்பீர்கள்.

கேள்வி: எல்லாம் செய்தும் வழி கிடைக்காமல் இருட்டிவிட்டால்? (பெயர் வெளியிட விரும்பாத ஒரு வாசகி)

பதில்: நின்றுவிடுங்கள். டார்ச்சு வெளிச்சத்தில் நிழல்கள் எல்லாம் பள்ளமாகவும் பள்ளங்கள் எல்லாம் பாதையாகவும் தெரியும். ஓடைக்கரையையும், விலங்குத் தடத்தையும், பட்டுப்போன மரத்தடியையும் தவிர்த்து, முதுகுக்குப் பாறை இருக்கும்படி உட்காருங்கள். வியர்வையில் நனைந்த சட்டையை உடனே மாற்றிக் காய்ந்ததைப் போடுங்கள். 2,000 மீட்டர் உயரத்தில் டிசம்பர் இரவில் நனைந்த துணிதான் முதல் எதிரி. சமிக்ஞை கிடைத்தால் 112 எண்ணை அழைத்து, கைப்பேசி காட்டும் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைப் படித்துச் சொல்லுங்கள். சொன்ன இடத்தை விட்டு அதன்பின் நகராதீர்கள். ஒரு விசில் எப்போதும் பையின் தோள்வாரில் தொங்கட்டும். ஒரு நிமிடத்துக்குள் ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடியும் ஆறு முறை ஊதுவது உலகின் பல பகுதிகளில் ஆபத்து என்பதற்கான மலைக்குறி. நிமிடத்துக்கு மூன்று முறை பதில் வந்தால் கேட்டுவிட்டார்கள் என்று பொருள். பதில் வந்த திசையைத் தேடி நீங்கள் புறப்பட வேண்டாம், ஊதிக்கொண்டே இருங்கள், அவர்கள் வருவார்கள்.